ஆறு மாசம் அங்கே, ஆறு மாசம் இங்கே

மும்பைத் தமிழர் வீடுகளில் அறுபதைத் தொடப் போகிறவர்கள் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: “ரிட்டயர் ஆனதும் ஆறு மாசம் அங்கே, ஆறு மாசம் இங்கே.” அங்கே என்றால் நியூஜெர்சியின் எடிசன், துபாய், டொராண்டோ. இங்கே என்றால் மாட்டுங்கா, சயான், செம்பூர். சொல்லும்போதே முகத்தில் ஒரு நிம்மதி வந்துவிடும். பிறந்து வளர்ந்த ஊரையும் விடவில்லை, பிழைக்கப் போய் வேர்விட்ட ஊரையும் விடவில்லை. வருஷத்தின் நடுவில் ஒரு கோடு போட்டாயிற்று. பாகப்பிரிவினை எதுவும் இவ்வளவு சுமுகமாக முடிந்து நான் கேள்விப்பட்டதில்லை. அதனாலேயே இந்த வாக்கியத்தின் மேல் எனக்குச் சந்தேகம். கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டு டிகாக்‌ஷன் இறங்கிற்றா என்று பார்க்க எழுந்து போய்விடுகிறார்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. போட்டால் உதைக்கிறது.

மும்பைத் தமிழருக்கு ‘ஊர்’ என்ற சொல்லே முதலிலிருந்து கொஞ்சம் சிக்கல். மே மாதம் டிரங்குப் பெட்டியோடு ரயில் ஏறி “ஊருக்குப் போறோம்” என்றால் அது திருநெல்வேலி, கும்பகோணம், பாலக்காடு. பள்ளிக்கூடமும் கல்லி கிரிக்கெட்டும் முதல் சம்பளமும் நடந்த மாட்டுங்கா அப்போது வெறும் பம்பாய். விமானம் ஏறிப் போன பிறகுதான் அந்தப் பம்பாய்க்கு ‘ஊர்’ என்ற பதவி உயர்வு கிடைத்தது. தாத்தா கிராமத்தில் பூட்டி வைத்த ஓட்டு வீட்டை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ‘என்றைக்காவது திரும்பிப் போகலாம்’ என்று வைத்த வீடு. பூனை ஓடி ஒரு ஓடு நகரும், மழை அந்த இடுக்கில் இறங்கும், கைமரம் உளுக்கும், மூன்றாவது வருஷம் கூரை உள்வாங்கும். நகர்ந்த ஓட்டை அன்றைக்கே எடுத்து வைக்க ஓர் ஆள் இருந்திருந்தால் போதும். அதே பூட்டை இப்போது பேரன் மாட்டுங்காவில் போட்டுக்கொண்டிருக்கிறான். ஓடு மட்டும் இல்லை.

நாள் எண்ணுகிறவர்கள்

முதலில் சட்டம். இந்திய வருமானவரிக் கணக்கில் ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்துவிட்டால் நீங்கள் இங்கே வசிப்பவர். இந்தியாவில் வரும் வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் அந்தக் கோடு 120 நாளிலேயே குறுக்கே வரலாம். எண்ண வேண்டியது ஏப்ரல் முதல் மார்ச் வரை. காலண்டர் வருஷத்தை எண்ணிவிட்டுப் பிறகு ஆடிட்டரிடம் போய் நிற்பவர்கள் உண்டு. நவம்பரில் வந்து ஏப்ரல் இறுதியில் போனால் அது இரண்டு நிதியாண்டில் உடைந்து நிற்கும். போன தடவை ஏப்ரலில் தங்கியதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

அந்தப் பக்கமும் இதே எண்தான். அமீரகத்தின் சாதாரண வசிப்பு விசா, ஆறு மாதம் தொடர்ந்து வெளியே இருந்தால் செத்துவிடும். கோல்டன் விசா என்ற நீண்டகால விசாவுக்கு விலக்கு உண்டு. அமெரிக்காவில் கிரீன் கார்டு வைத்துக்கொண்டு குடியுரிமைக்குக் காத்திருக்கிறவர் ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால், தொடர்ந்து வசித்தார் என்ற கணக்கு அறுந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. கனடாவில் குறைந்த வருமான முதியோருக்குப் பென்ஷனோடு சேர்த்துத் தரும் உபரித்தொகை, ஆறு மாதத்துக்கு மேல் நாட்டை விட்டிருந்தால் நின்றுபோகும். ஒன்டாரியோவின் மருத்துவக் காப்பீட்டுக்குப் பன்னிரண்டு மாதத்தில் 153 நாளாவது அங்கே இருந்தாக வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கி ஓசிஐ அட்டையோடு வருகிறவருக்கு இங்கே தங்கத் தடையில்லை. ஆனால் ஆதார் வேண்டும் என்றால் கடந்த பன்னிரண்டு மாதத்தில் 182 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும். வருஷத்தைச் சரிபாதியாக வெட்டுகிறவர் இரண்டு தேசத்தின் வேலியிலும் ஒவ்வொரு கால் வைத்து நிற்கிறார். ஒரு விமானம் ரத்தானால் போதும், ஒரு டெங்குக் காய்ச்சல் போதும். அனுபவஸ்தர்கள் ஐந்து மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள், போர்டிங் பாஸைத் தூக்கிப் போடுவதில்லை.

இத்தனை சட்டங்களில் அந்நியச் செலாவணிச் சட்டம் ஒன்றுதான் நாளோடு மனசையும் கேட்கிறது. காலவரையில்லாமல் தங்கும் எண்ணத்தோடு வந்து இறங்கினீர்களா என்பது அதற்கு முக்கியம். எண்ணம் என்ன என்று தெரிந்திருந்தால் இவர்கள் ஏன் ஆறு ஆறாகப் பிரிக்கிறார்கள்?

கெட்ட பருவத்தில் பூட்டு

எந்த ஆறு மாதம் என்பதை யாரும் சீட்டுக் குலுக்கி எடுப்பதில்லை. பேரக் குழந்தைகளுக்கு நியூஜெர்சியில் பள்ளி விடுமுறை ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை. தாத்தா பாட்டி தேவைப்படுவது அப்போதுதான். ஜனவரியில் நியூஜெர்சிப் பனி முழங்காலுக்கு ஆகாது. மும்பையிலோ ஷண்முகானந்தாவில் கச்சேரி, ஸ்வெட்டர் கேட்காத குளிர், மொட்டைமாடியில் வடாம் போட வெயில். ஆகவே நவம்பரில் வருவது, வெயில் ஏறுவதற்குள் போய்விடுவது.

இதன் விளைவைப் பாருங்கள். மும்பை வீடு பூட்டிக் கிடப்பது சரியாக மழைக்காலத்தில். நியூஜெர்சி வீடு பூட்டிக் கிடப்பது சரியாகப் பனிக்காலத்தில். இரண்டு ஊரும் தன்னுடையவை என்கிறவர் இரண்டையும் அதனதன் கெட்ட நாளில் தனியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார். அந்த வாக்கியத்தில் என்னை நெருடிக்கொண்டிருந்தது இதுதான். மாட்டுங்காவில் வளர்ந்த யாருக்காவது மழை இல்லாத பால்யம் உண்டா? கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு தண்ணீர், தண்டவாளத்தில் நின்றுபோன லோக்கல், சமையலறைக் கொடியில் மூன்று நாளாய்க் காயாத யூனிஃபார்ம். ஞாபகத்தில் இருக்கும் ஊர் மழையில் நனைந்த ஊர். டிசம்பரில் வருகிறவர் பார்ப்பது அந்த ஊரின் கல்யாண ஆல்பத்தை.

பூட்டிய வீட்டுக்குள் ஜூன் முதல் செப்டம்பர் வரை என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையில் வெளிச்சுவர் ஊறும். அதை ஒட்டி நிற்கும் பீரோவின் முதுகில்தான் முதல் பூஞ்சை. கிளம்புமுன் எல்லாவற்றையும் சுவரிலிருந்து நான்கு விரற்கடை நகர்த்தி வைக்க வேண்டும். குளியலறையிலும் பாத்திரம் கழுவும் மோரியிலும் தரைக்கு அடியில் இருக்கும் டிராப் என்ற வளைகுழாயில் ஐந்து சென்டிமீட்டர் போல நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாடையையும் கரப்பானையும் தடுத்து நிறுத்துகிறது. புழங்காத வீட்டில் சில வாரத்தில் அது வற்றிவிடும். அரை வாளித் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு மூன்று ஸ்பூன் லிக்விட் பாரஃபின் விட்டால் ஆவியாவது தாமதப்படும். சமையல் எண்ணெய் சிக்கு நாற்றம் எடுக்கும். மேலே ஒரு தட்டும் கவிழ்க்கலாம். லாஃப்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து துடைக்காவிட்டால் கொசு. மாநகராட்சிக்காரர்கள் சோதனைக்கு வந்து பூட்டைப் பார்த்துவிட்டு நோட்டீஸ் ஒட்டுவார்கள். ஃப்ரிஜ்ஜை அணைத்துவிட்டுக் கதவை மூடினால் உள்ளே கறுப்புக் காடு வளரும். ஒரு துண்டை மடித்து இடுக்கில் வைத்துத் திறந்தே விடுங்கள். வாஷிங் மெஷின் கதவும் அப்படியே. குழாய் கேஸ் என்றால் வால்வை மூடினால் போதும். சிலிண்டரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டவே கூடாது.

கொலு பொம்மைக்கு நியூஸ்பேப்பர் வேண்டாம். காகிதம் ஈரத்தை இழுக்கும், மசி வண்ணத்தில் ஒட்டும். பழைய வேட்டித் துணி நல்லது. காகிதக்கூழ் பொம்மைகளைத் தரையோடு வைக்காதீர்கள், முதலில் கரையானுக்குப் போவது அவைதான். தஞ்சாவூர்ப் படத்தின் அடியில் இருப்பது சுண்ணப்பொடியும் பசையும். வெளிச்சுவரில் மாட்டிவிட்டுப் போனால் கண்ணாடிக்குள்ளேயே பூஞ்சைக்கு விருந்து. உள்சுவருக்கு மாற்றுங்கள், இல்லை யாரிடமாவது கொடுத்து வையுங்கள். பட்டுப் புடவையை பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துவிட வேண்டும், ஜரிகை கறுக்கும். இவ்வளவு செய்தாலும் மாதம் ஒரு முறை யாராவது வந்து ஜன்னலைத் திறந்து, ஃபேனை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, டிராப்பில் தண்ணீர் ஊற்றாமல் ஒன்றும் நிற்காது.

அங்கேயும் இதே கதைதான், வெப்பநிலை மட்டும் வேறு. நியூஜெர்சியில் ஹீட்டரை அணைத்துவிட்டு வந்தால் சுவருக்குள் ஓடும் குழாயில் தண்ணீர் உறைந்து குழாய் பிளக்கும், உருகும்போதுதான் வெள்ளம். தெர்மோஸ்டாட் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது, மெயின் வால்வை மூடிக் குழாய்களை வடித்துவிட வேண்டும். வீட்டுக் காப்பீட்டின் சின்ன எழுத்தைப் படியுங்கள்: 30 அல்லது 60 நாளுக்கு மேல் காலியாக இருக்கும் வீட்டுக்குச் சில சேதங்களில் இழப்பீடு கிடையாது என்று பல பாலிசிகளில் இருக்கும். வாசல் நடைபாதையில் பனியை அள்ளாவிட்டால் நகராட்சி அபராதம். அள்ளிப் போடும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இருப்பார். பத்து வருஷம் ஓரூரில் வாழ்ந்ததன் சம்பாத்தியம் அவர்தான். அவரை விட்டு வந்த ஏக்கம் மாட்டுங்காவில் ஜனவரி மாத சாயங்காலத்தில் வரும். அதை இங்கே யாரிடமும் சொல்ல முடியாது. “அமெரிக்கா புத்தி” என்பார்கள்.

காரியம் முடிந்த மறுநாள்

அம்மாவோ அப்பாவோ அந்த வீட்டில் இருக்கும்வரை மேலே சொன்ன எதுவும் உறைக்காது. டிராப்பில் தண்ணீர் தானாக நிற்கும், ஜன்னல் தானாகத் திறந்து மூடும். ஊர் என்பது அந்த ஓர் ஆள்தான் என்று தெரிவது காரியம் முடிந்த மறுநாள். பந்தி இலைகள் போயாயிற்று, வாடகைப் பாத்திரம் எண்ணிக் கொடுத்தாயிற்று, ரிட்டர்ன் டிக்கெட் பன்னிரண்டு நாளில். சாவி மேஜைமேல். இரண்டு ஊருக்கு நடுவில் இருபது வருஷம் ஊசலாடியவர் தீர்மானிக்க வேண்டியதெல்லாம் அந்தப் பன்னிரண்டு நாளில் வந்து நிற்கும், ஆனால் அப்போது தீர்மானிக்கத் தெம்பு இருக்காது. “அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கலாம்” என்று பூட்டுகிறார்கள். வீடு சொந்த வீடாக இருந்தால் அதனால் பூஞ்சை மட்டும் வரும். முன்பணம் கொடுத்துக் குறைந்த வாடகையில் தலைமுறையாகக் குடியிருக்கும் பகடி வீடாக இருந்தால் வீடே போகலாம்.

மாட்டுங்கா, சயான், தாதர் பக்கத்துப் பழைய பில்டிங்குகளில் பகடிதான் அதிகம். மாத வாடகை இன்றும் சில நூறு ரூபாய். வருஷத்துக்கு 4 சதவீதத்துக்கு மேல் கட்டடச் சொந்தக்காரரான சேட்டு ஏற்ற முடியாது. கைமாற்றினால் பகடித் தொகையில் மூன்றில் ஒரு பங்குபோல சேட்டுக்குப் போவது வழக்கம். 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வாடகைதாரர் இறந்தால் அவரோடு கூட வசித்த குடும்பத்தவருக்கு உரிமை; அப்படி யாரும் இல்லாவிட்டால் வாரிசுக்கு. ஆகவே எடிசனில் இருக்கும் மகனுக்கும் உரிமை வரும். இங்கேதான் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டுப் பூட்டுகிறார்கள். அதே சட்டத்தின் 16ஆம் பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது: நியாயமான காரணமின்றித் தொடர்ந்து ஆறு மாதம் வீட்டைப் புழங்காமல் வைத்திருந்தால் சேட்டு வெளியேற்ற வழக்குப் போடலாம். மறுபடியும் ஆறு மாதம். வெளிநாட்டு வேலை நியாயமான காரணமா என்பதை அந்தந்த வழக்கில் கோர்ட்தான் சொல்லும். தோபி தலாவில் இருக்கும் ஸ்மால் காசஸ் கோர்ட்டுக்கு நடக்க ஆள் வேண்டும். சேட்டின் வக்கீல் முதலில் கேட்பது பெஸ்ட் மின்கட்டண ரசீதுகளைத்தான். மாதாமாதம் பூஜ்யம் யூனிட் என்று அச்சடித்த தாளுக்கு முன்னால் “மனசு இங்கேதான் சார் இருக்கு” என்று வாதாட முடியாது.

வாடகைக்கு விடலாமே என்றால், பகடி வீட்டைச் சேட்டின் சம்மதமில்லாமல் இன்னொருவருக்குக் கொடுப்பது உள்வாடகை. அதுவும் வெளியேற்றக் காரணம். படிக்க வந்த அண்ணன் மகனைத் தங்கவைத்தால் அதையும் உள்வாடகை என்று சொல்லிப் பார்ப்பார்கள். பூட்டவும் முடியாது, விடவும் முடியாது. குடும்பத்தில் ஒருவர் நிஜமாகவே வந்து வாழ வேண்டும், அல்லது சேட்டோடு பேசிப் பகடியைக் கைமாற்ற வேண்டும். கைமாற்றுப் பணத்தை 1999 சட்டம் அங்கீகரிக்கிறது, ரசீது கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பன்னிரண்டு நாளில் முடிக்க வேண்டியவை: இறப்புச் சான்றிதழ் பத்துப் பிரதியாவது. மாட்டுங்காவுக்கு எஃப் வடக்கு வார்டு அலுவலகம். வாடகை ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தாத்தா பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. எல்லா வாரிசும் கையெழுத்திட்டு, இன்னார் பெயருக்கு மாற்றுங்கள் என்று சேட்டுக்குப் பதிவு செய்த ஸ்பீட் போஸ்டில் கடிதம். வாடகை வாங்க மறுத்தால் மணியார்டர் அனுப்பி, திரும்பி வந்த சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அம்மா கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னி அம்மாவோடு முடிந்தது. அதை வைத்து அதற்குப் பிறகு போட்ட கையெழுத்து செல்லாது. புதிதாக நீங்கள் ஒருவருக்குக் கொடுப்பதானால் இங்கே இருக்கும்போதே கொடுத்துவிடுவது சுலபம். அங்கே திரும்பியபின் என்றால் அமெரிக்காவிலிருந்து அபோஸ்டில் என்ற அரசுச் சான்று முத்திரை, துபாயிலிருந்து இந்தியத் தூதரகச் சான்று, தாள் இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். மூன்று மாதம் அலமாரியில் தூங்கி வீணான தாள்கள் எத்தனையோ.

சொந்த ஃபிளாட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் பூட்டியே வைக்கிறார்கள், காரணம் ஒரு பழைய பயம்: “வாடகைக்கு விட்டா திரும்ப வராது.” அந்தப் பயத்துக்கு ஒரு தேதி உண்டு. லீவ் அண்ட் லைசென்ஸ் என்ற குறுகியகால அனுமதி ஒப்பந்தத்தில் குடியிருந்தவர்களை 1973 பிப்ரவரி 1 அன்று சட்டம் நிரந்தர வாடகைதாரர்களாக ஆக்கியது. அன்று வீடு இழந்தவர்களின் கதை இன்னும் சாப்பாட்டு மேஜைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போதுள்ள சட்டத்தில் பதிவு செய்த லைசென்ஸ் ஒப்பந்தம் முடிந்தும் காலி செய்யாதவர் இரட்டை வாடகை தர வேண்டும், விசாரிக்கத் தனி அதிகாரி இருக்கிறார். பதிவு செய்யாமல் வெறும் பாண்டு பேப்பரில் எழுதினால்தான் ஆபத்து: தகராறு வந்தால் குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனையே எடுபடும், வீட்டுக்காரருக்குத் தண்டனையும் உண்டு. வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை தருகிறவர் 30 சதவீத வரியும் அதன்மேல் செஸ்ஸும் பிடித்துக் கட்ட வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதியில் சொன்னால் சண்டை. வாடகைக்கு விட்ட ஃபிளாட்டுக்கு சொசைட்டி கேட்கும் கூடுதல் கட்டணம் சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பூட்டிய வீட்டுக்கு அது கிடையவே கிடையாது, கேட்டால் கொடுக்காதீர்கள்.

தாராவிக்காரர்களின் நிலை வேறு. திருநெல்வேலியிலிருந்து வந்து 90 அடி ரோட்டில் மூன்று தலைமுறை கண்டு, பிள்ளைகள் வளைகுடா போன குடும்பங்கள். அங்கே மறுசீரமைப்பில் தாராவிக்குள்ளேயே இலவச வீடு கிடைக்க 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்ததைத் தாள் காட்டி நிரூபிக்க வேண்டும். கணக்கெடுக்க வருகிறவர் பூட்டிய கதவில் எண்ணை எழுதிவிட்டுப் போகலாம். உள்ளே பீரோவில் இருக்கும் பழைய மின்ரசீதையும் வாக்காளர் பட்டியல் நகலையும் கதவா எடுத்துக் கொடுக்கும்? அங்கே ஊரில் இருப்பது என்பது கதவைத் தட்டும்போது ‘யாரு’ என்று கேட்க ஒரு குரல் இருப்பது.

ஆறு ஆறாகப் பிரிக்கும் ஆசையைக் கேலி செய்யவில்லை. மாட்டுங்காவும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை என்பதும் தெரியும். பழைய பில்டிங் பெயர்ப்பலகைகளில் இருந்த ஐயரும் நாடாரும் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் நெருலுக்கும் போய்விட்டார்கள்; அவர்களும் இந்த ஊரை விட்டவர்கள்தான், பாஸ்போர்ட் மட்டும் தேவைப்படவில்லை. என் யோசனை ஒன்றே ஒன்று: ஒரு தடவை டிக்கெட்டை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஜூன் பத்தாம் தேதி வந்து இறங்குங்கள். சுவரில் ஈரம் எங்கே ஏறுகிறது, எந்த ஜன்னல் கொக்கி பிடிக்கவில்லை, கீழ்வீட்டுக்காரர் உங்கள் குளியலறைக் கசிவைப் பற்றி எத்தனை மழைக்காலமாகச் சொல்லாமல் இருக்கிறார் என்பதெல்லாம் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். பேரக் குழந்தை கோபித்துக்கொள்ளும். எந்தப் பக்கம் இழுப்பு அதிகம் என்பதும் அப்போது தெரியும்.

அப்படியும் பூட்டத்தான் போகிறீர்கள் என்றால், சாவி மூன்று செட். ஒன்று உங்களிடம், ஒன்று மாதம் ஒருமுறை வந்து ஜன்னல் திறப்பவரிடம், ஒன்று அதே மாடியில் இருக்கும் அண்டைவீட்டில்; வாட்ச்மேன் மாறிக்கொண்டே இருப்பார், அவரிடம் வேண்டாம். எந்தச் சாவி எதற்கு என்று துணிப்பட்டியில் எழுதிக் கட்டுங்கள், காகிதச் சீட்டு ஈரத்தில் உதிர்ந்துவிடும். பூட்டுக்குள் எண்ணெய் விடாதீர்கள். கடற்காற்றும் தூசியும் சேர்ந்து அது பிசினாகிவிடும், நவம்பரில் சாவி திரும்பாது. பென்சில் முனையைச் சுரண்டி அந்தக் கறுப்புப் பொடியைச் சாவியில் தடவி இரண்டு மூன்று முறை திருப்பினால் போதும்.